கடல் காத்தது, உயரம் காத்தது: ஆஸ்திரேலியாவும் நீலகிரிச் சோலைகளும்

சென்னையில் காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல் பக்கம் மெல்போர்னிலோ சிட்னியிலோ பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இன்று ஏராளம். விசா கைக்கு வந்ததும் பெற்றோர் முதலில் விசாரிப்பது கங்காருவையும் கோலாவையும்தான். அதே வீட்டார் கோடையில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் ரோஜாப் பூங்காவையும் படகுத்துறையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கங்காருவுக்கு இணையான அபூர்வங்கள் அந்த மலையிலேயே இருப்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. இந்த இரண்டு பயணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு வெகுநாள் ஆசை.

ஆஸ்திரேலியாவும் தென்னிந்தியாவும் ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலத்தின் துண்டுகள். நம் துண்டு வடக்கே நகர்ந்து, சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவோடு மோதி ஒட்டிக்கொண்டது. ஆஸ்திரேலியா கடைசியாக அண்டார்டிகாவை விட்டுப் பிரிந்து, கடல் சூழத் தனித்தே நின்றது. அங்கே பைக்குள் குட்டியை வளர்க்கும் விலங்குகள் பெருகின. முட்டையிட்டுப் பால் கொடுக்கும் பிளாட்டிபஸும் எகிட்னாவும் பிழைத்தன. 1799இல் ஐரோப்பாவுக்கு வந்து சேர்ந்த பிளாட்டிபஸின் தோலைக் கண்டவர்கள், வாத்தின் அலகை எவனோ ஒட்டித் தைத்திருக்கிறான் என்று சந்தேகப்பட்டார்கள். அந்தக் கண்டத்தின் பாலூட்டி இனங்களில் பத்தில் எட்டுக்கும் மேல் வேறெங்கும் இல்லாதவை.

நம்மைப் பொறுத்தவரை அந்தத் தனிமை ஆசியாவோடு ஒட்டிய நாளிலேயே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மேற்குத்தொடர்ச்சி மலையின் உச்சிகளில் குளிர்ந்த சோலைகளும் புல்வெளிகளும் தனித்தனித் தீவுகளாக நின்றுவிட்டன. கீழே இருக்கும் வெப்பச் சமவெளிதான் அவற்றுக்குக் கடல். பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரிச் சிலப்பன் பாடுகிறது. தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் பாடுவது அதன் உறவுப் பறவை, ஆனால் வேறு இனம். ஆடு போலத் தெரியும் வரையாடு, மரபணுவில் செம்மறிக்கே நெருக்கம் என்று 2005இல் தெரியவந்தது. தமிழ்நாட்டின் மாநில விலங்கான இதை, இந்த மாநிலத்தில் மட்டும் 2024 கணக்கெடுப்பில் 1,031 என்றும், அடுத்த ஆண்டில் 1,303 என்றும் மதிப்பிட்டார்கள். ஒரு பெரிய கல்யாண மண்டபத்தில் கூடும் கூட்டம்தான் இது. ஆண்டு முழுக்க மண்ணுக்கடியில் கிடந்து, மழை தொடங்கும் சில நாள் மட்டும் வெளிவரும் ஊதாத் தவளை இன்னும் பழைய கதை. அதன் நெருங்கிய உறவினர் இந்தியப் பெருங்கடலில், செஷல்ஸ் தீவுகளில் இருக்கிறார்கள். 2003இல் கேரளத்துத் தவளைக்கு அறிவியல் பெயர் வைத்தார்கள். 2017இல் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலிருந்து அதன் இன்னோர் இனமும் அறிவிக்கப்பட்டது.

இரண்டு இடங்களையும் சேர்த்துப் பார்க்க வைப்பது ஒரு மரம். மலைக்காரர்கள் கற்பூர மரம் என்று சொல்லும் யூகலிப்டஸ் 1843இல் ஊட்டியில் நடப்பட்டது. விறகுக்காகச் சோலைகளை வெட்டித் தீர்த்த பிறகு வேகமாக வளரும் மரம் தேவைப்பட்டது. தோல் பதனிடும் பட்டைக்காக அதே கண்டத்திலிருந்து சீகை (வாட்டில்) மரமும் வந்தது. கோத்தகிரிச் சாலையில் ஜன்னலைத் திறந்து 'ஆஹா, ஊட்டி வாசனை' என்று நாம் மூச்சிழுப்பது டாஸ்மேனியாவின் வாசனையை. சொந்தக் கண்டத்தில் யூகலிப்டஸ் மரத்தடி சந்தைபோல இருக்கும்: இலையைக் கோலா தின்னும், தேனுக்கு லாரிகீட் கிளிகள் மொய்க்கும், முதிர்ந்த மரத்தின் பொந்தில் பாசம் (possum) என்ற பைவிலங்கு குடியிருக்கும். இங்கே தேனீ வருகிறது, அதற்குமேல் அந்த இலையை நம்பி வாழும் விலங்கு ஒன்றுமில்லை. தண்ணீரும் குறைகிறது. நீலகிரியின் கிளென்மார்கனில் புல்வெளியில் யூகலிப்டஸ் நட்டு அளந்தபோது, முதல் பத்தாண்டுச் சுழற்சியில் ஓடை நீர் சுமார் 16 விழுக்காடு குறைந்தது. பவானியும் மாயாறும் அந்த மலையில் பிறக்கும் ஆறுகள்.

நாம் மட்டும் பாதிக்கப்பட்டவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். 1890களில் ஆட்டுக்கு நிழலும் தீவனமும் கிடைக்கும் என்று நம் ஊர்க் கருவேலத்தைக் குவின்ஸ்லாந்துக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்குள்ள மிட்செல் புல்வெளிகளை அது முள்காடாக்கி, அந்த நாட்டின் மோசமான களைகளின் பட்டியலில் நிற்கிறது. அங்கே நம் வேலம், இங்கே அவர்கள் சீகை. பலியானது இரண்டு பக்கமும் புல்வெளி. மரமில்லாத நிலத்தை வெற்றிடம் என்று கணக்கெழுதிய அதிகாரிகளின் பார்வைதான் இதற்கெல்லாம் வேர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வரையாடு மேய்வதும் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நீலக்குறிஞ்சி பூப்பதும் அந்த 'வெற்றிடத்தில்'தான்.

காவலில் மட்டும் இரண்டுக்கும் வெகு தூரம். ஆஸ்திரேலிய விமான நிலையத்தில் விதை, பழம், மரச்சாமான், சேறு ஒட்டிய செருப்பு வரை படிவத்தில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம். மெல்போர்னுக்கு ஊறுகாயும் கறிவேப்பிலையும் கட்டும் அம்மாக்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. நீலகிரி ஏறும் வழியில் இ-பாஸும் பிளாஸ்டிக்கும் பார்க்கிறார்கள், விதையையும் செடியையும் அந்தக் கண்டிப்போடு யாரும் பார்ப்பதில்லை. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்களை அகற்றவும் நிலத்தை மீட்கவும் கொள்கை வெளியிட்டது. சீகையின் விதை மண்ணில் பல்லாண்டு உயிரோடு கிடப்பதால், வெட்டிய இடத்துக்கே திரும்பத் திரும்பப் போய் முளையைப் பிடுங்க வேண்டியிருக்கிறது.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால் நான் சோலைக்குத்தான் வாக்களிப்பேன். கண்டம் பெரியது, காத்திருக்கும். வரையாட்டுக்கு ஆழியாறு–வால்பாறைச் சாலையின் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் வண்டியை நிறுத்திப் பாறைகளைப் பாருங்கள். சிங்கவால் குரங்குக்கு வால்பாறையின் புதுத்தோட்டம், பிஸ்கட் மட்டும் நீட்டாதீர்கள். மூல வடிவில் சோலையும் புல்வெளியும் வேண்டுமென்றால் அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டியில் போகலாம். குறிஞ்சி 2018இல் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல்.