அடித்தது போலீஸ், கட்டியது ஊர்

சிகாகோ போலீஸ் கமாண்டர் ஜான் பர்ஜும் அவர் ஆட்களும் 1972 முதல் 1991 வரை நூற்றுக்கும் மேற்பட்ட கறுப்பினத்தவரைச் சித்திரவதை செய்து வாக்குமூலம் வாங்கினார்கள். 1993-ல் பர்ஜுக்கு வேலை போனது. சித்திரவதைக்கு வழக்குப் போடும் காலக்கெடு முடிந்துவிட்டதால், 2010-ல் பொய் சொன்னதற்கும் நீதிக்குத் தடை போட்டதற்கும் மட்டுமே குற்றவாளி ஆனார். பென்ஷன் நிற்கவில்லை!

2015-ல் மாநகராட்சி 55 லட்சம் டாலர் இழப்பீடு ஒதுக்கியது. 57 பேருக்குத் தலா 1 லட்சம் டாலர் வரை கிடைத்தது. வழக்குகளில் அதற்கு முன்பே பல கோடி டாலர் போயிருந்தது.

காமர்ஸ் மாணவனாக எனக்கு உறுத்துவது இதுதான். போலீஸ் வழக்குகளின் நஷ்டஈட்டுக்காக சிகாகோ பாண்டு விற்றுக் கடனும் வாங்கியது. அசலும் வட்டியும் வரி கட்டுபவர் தலையில். அடிபட்டவரும் அவர் பிள்ளைகளும் அதில் உண்டு. தப்பு செய்தவர் கணக்கில் பற்று எழுதாதவரை தப்பு எப்படிங்க நிற்கும்?