பயிற்சி விளையாட்டுகள்

பயிற்சி விளையாட்டுகள்: கேளிக்கையைப் பிரதான நோக்கமாகக் கொள்ளாமல், ராணுவம், நிர்வாகம், வைத்தியம் முதலிய பொதுத்துறைகளில் பொறுப்பேற்போருக்கு, நேரக்கூடிய நெருக்கடிகளைக் கற்பனையாக அமைத்துக் கொடுத்து, தீர்மானம் செய்யும் ஆற்றலை வளர்க்கும் ஆட்டங்கள்.

தோற்றம்: யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைச் சேனையைக் காய்களாக்கிய சதுரங்கம் பாரத தேசத்தில் பிறந்ததாயினும், ஆட்டத்தை ராணுவக் கல்வியின் சாதனமாக்கியவர்கள் பிரஷ்யர்களே. 1812-இல் ரைஸ்விட்ஸ் என்பவர் அரசருக்குக் காட்டிய முறையை, அவருடைய புதல்வர் 1824-இல் திருத்தியமைத்தார். நிலப்படத்தின்மேல் சிவப்பு, நீலக் கட்டைகள் படைகளாக நகர, ஒவ்வொரு முறைக்கும் இரண்டு நிமிஷங்களே கழிந்ததாகக் கணக்கிட்டு, எதிரியின் நிலையை முழுவதும் வெளியிடாமல், நடுவர் பகடையை உருட்டிச் சேதத்தை நிர்ணயித்தார்.

நீலகிரியில்: 1905-இல் தேவலாலியில் தொடங்கி, 1907-இல் குவெட்டாவுக்குச் சென்ற ராணுவ உயர் பயிற்சிக் கல்லூரியின் மரபு, தேசப் பிரிவினைக்குப் பின் 1948 முதல் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இந்தியாவுக்கெனத் தழைத்தது. முப்படை அதிகாரிகளும், சிவில் அதிகாரிகள் சிலரும், நட்பு நாடுகளின் அதிகாரிகளும் பயிலும் அங்கே, வரைபடத்திலும் மணல் மாதிரியிலும் போர் நிலைமைகளை ஆடிப் பார்ப்பதும், துருப்புகளின்றி நிலத்தை நேரில் கண்டு திட்டம் வகுப்பதும் கல்வியின் அங்கங்களாகும்.

சிவில் நிர்வாகத்தில்: 2005-ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்துக்குப் பின், மேசையைச் சுற்றி அமர்ந்து நிலைமையை விவாதித்து, அதன்பின் களத்தில் ஒத்திகை நடத்தும் வழக்கம் மாவட்டங்களிலும் பரவியது. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்ட நீலகிரி மலைக்கு இவ்வொத்திகையின் அவசியம் மிகுதி. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் சாலை அரவேணுவுக்குக் கீழே அடைபடுவதாக வைத்துக்கொண்டால், நோயாளியைக் குன்னூர் வழியாக இறக்குவதா, அந்த மலைப்பாதையும் சரிந்திருந்தால் உதகையிலேயே சிகிச்சை செய்வதா, மண்ணள்ளும் இயந்திரத்தை எப்பக்கத்திலிருந்து முதலில் அனுப்புவது என்னும் கேள்விகளுக்கு வருவாய், நெடுஞ்சாலை, காவல், சுகாதாரத் துறையினர் ஒருங்கே விடை காண வேண்டும்.

மதிப்பீடு: இவ்வாட்டங்களின் பயன் வெற்றியில் இல்லை. ஆட்டம் முடிந்தபின், யார் எச்செய்தியை எப்போது பெற்றார், ஏன் அவ்வாறு முடிவெடுத்தார் என்று ஆராயும் விமரிசனத்திலேயே கல்வி நிகழ்கிறது. அதை விடுத்துச் சடங்காக நடத்தப்படும் ஒத்திகை எவருக்கும் எதையும் கற்பிப்பதில்லை. உயிர்ச்சேதமின்றிப் பிழை செய்யவும், அப்பிழையைப் பலர் முன்னிலையில் திருத்திக்கொள்ளவும் இடமளிப்பதே இம்முறையின் தனிச்சிறப்பு.