நள்ளிரவில் கத்தும் பூனை: சகுனமா, வேண்டுகோளா?

நம் உடையார்பாளையம் பகுதியில் நள்ளிரவில் பூனை கத்தினால், "இது வீட்டுக்கு ஆகாது" என்று சொல்லிக் கல்லெடுத்து எறிவோர் இன்றும் உள்ளனர். ஐவேளைத் தொழுகையாளிகளின் இல்லங்களும் இதற்கு விலக்கல்ல. சென்ற மழைக்காலத்தில் ஓரிரவு, மதரஸாவின் தாழ்வாரத்தில் ஒரு பூனை விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அதை விரட்ட ஒரு மாணவன் எழுந்தான். மற்றொரு சிறுவன் அவனைத் தடுத்து, "ஹஜ்ரத், அது என்ன சொல்லுது?" என்று என்னிடம் கேட்டான். அன்று என்னிடம் விடை இல்லை. பின்னர் தேடியபோது, நம் முன்னோர் ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே இதே ஒலிக்குச் செவிகொடுத்திருப்பதைக் கண்டேன்.

பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்கிறது திருக்குர்ஆன் (6:38). எல்லாப் பொருள்களும் இறைவனைத் துதிக்கின்றன, அத்துதியை நாம்தாம் விளங்கிக்கொள்வதில்லை என்றும் கூறுகிறது (17:44). சுலைமான் (அலை) அவர்களுக்குப் பறவைகளின் மொழி கற்பிக்கப்பட்டது. எறும்பின் சொல்லைக் கேட்டு அவர்கள் புன்னகைத்தார்கள். உடனே நன்றி செலுத்தும் பேற்றை இறைவனிடம் வேண்டினார்கள். நம் உமறுப் புலவரும் சீறாப்புராணத்தில் மானுக்கு நபிகளார் பிணை நின்றதை ஒரு தனிப் படலமாகவே பாடினார். அவை நபிமார்களுக்கு அருளப்பட்ட அற்புதங்கள். நமக்கு அந்த ஆற்றல் இல்லை. ஆயினும் செவியும் இரக்கமும் தரப்பட்டுள்ளன.

மதீனாவின் வீடுகளில் பூனை அந்நியமாக இருக்கவில்லை. அபூகத்தாதா (ரலி) அவர்கள் உளூச் செய்ய, அவர்களின் மருமகள் கப்ஷா தண்ணீர் ஊற்றி வைத்தார். அங்கு வந்த பூனை குடிப்பதற்காக அபூகத்தாதா பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்தார்கள். கப்ஷா வியந்து பார்த்தபோது, பூனை அசுத்தமானதன்று, அது உங்களைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என நபி (ஸல்) அவர்கள் கூறியதை எடுத்துரைத்தார்கள். அபூதாவூத், திர்மிதீ முதலிய நூல்களில் இச்செய்தி உள்ளது. வீட்டுக்குள் வந்துபோகும் பணியாளர்களையும் சிறுவர்களையும் குறிக்கத் திருக்குர்ஆன் (24:58) ஆளும் 'தவ்வாஃபூன்' என்ற அதே சொல்தான் இங்குப் பூனைக்கும் வந்துள்ளது. அதாவது, அதுவும் வீட்டைச் சேர்ந்ததே.

பூனையைக் கட்டிவைத்து, உணவும் தராமல், தானே இரைதேட அவிழ்த்தும் விடாமல் சாகடித்த பெண் நரகம் புகுந்த செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் உள்ளது. பசித்த பூனை ஓசையின்றி மடியாது. அவ்வீட்டில் அதன் குரல் எத்தனை முறை எழுந்திருக்கும்! கேட்டும் கேளாதிருந்ததும் அக்குற்றத்தின் ஒரு பகுதியன்றோ?

ஹிஜ்ரி 255இல் (கி.பி. 869) மறைந்த பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ், விலங்குகளைப் பற்றி 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை யாத்தார். நடு இரவில் பூனைகள் ஒன்றுக்கொன்று மறுமொழி கூறுவதையும் மிரட்டிக்கொள்வதையும் கூர்ந்து கேட்டு, அவ்வொலிகளை எண்ணிப் பார்க்குமாறு அதில் அவர் வாசகரைத் தூண்டுகிறார். அறிவும் தேவைகளும் கூடுதலாக இருந்து அவற்றைக் கோத்திருந்தால், ஓரளவு நிறைவான மொழியாகவே அமைந்திருக்கும் என்பது அவர் கருத்து. நாம் கல்லெறியும் அதே நேரத்தில் அவர் ஒலிகளை எண்ணிக்கொண்டிருந்தார்!

அந்த எண்ணிக்கையைப் பிற்காலத்தில் முறையாகச் செய்தவர் அமெரிக்கரான மில்ட்ரெட் மோல்க். 1944இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டுப் பூனையின் ஒலிகளைப் 16 ஆகப் பிரித்து, வாயின் அசைவைக்கொண்டு மூன்று வகைப்படுத்தினார். வாய் மூடியபடி எழுவது குறுகுறுப்பு. வாய் திறந்து மெல்ல மூடும்போது பிறப்பது 'மியாவ்'. வாயை இறுக்கித் திறந்தபடியே எழுவன சீறலும் அலறலும். வளர்ந்த பூனைகள் தமக்குள் 'மியாவ்' என்பது அரிது. குட்டி தாயை அழைக்கும் அக்குரலை, வளர்ந்தபின் அவை பெரும்பாலும் மனிதரிடமே பயன்படுத்துகின்றன. 2009இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உணவு கேட்கும் பூனையின் குறுகுறுப்பில் குழந்தையின் அழுகையை ஒத்த ஓர் உயர்ந்த ஒலி கலந்திருப்பதைக் கண்டனர். நம்மால் அதைப் புறக்கணிக்க முடியாதது ஏன் என்பது இதனால் விளங்குகிறது.

இனி நள்ளிரவுக் கத்தலுக்கு வருவோம். குழந்தை அழுவதுபோல் கேட்பது பெரும்பாலும் துணையைத் தேடும் பெண்பூனையின் அழைப்பு, அல்லது சண்டையிடும் கடுவன்களின் மிரட்டல். சில வேளை அது பசியோ வலியோ ஆகலாம். அதில் நம் வீட்டின் விதி ஏதும் எழுதப்பட்டிருக்கவில்லை. சகுனம் என்பது இல்லை என்று நபி (ஸல்) அவர்கள் தெளிவாக அறிவித்துவிட்டார்கள். தன் தேவையைச் சொல்லும் ஓர் உயிரின் குரலில் நம் அச்சத்தைத் திணித்து, அதையே குற்றவாளியாக்கி அடிப்பது இரட்டை அநீதி அன்றோ?

அன்றிரவு நாங்கள் விளக்கேற்றிப் பார்த்தபோது, விறகுக் குவியலுக்குப் பின்னால் நனைந்த குட்டிகள் மூன்று கிடந்தன. சிறுவனின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது. மாணவர்கள் பழைய சாக்கை விரித்துக் குட்டிகளை நனையாத மூலைக்கு மாற்றினர். கத்தல் நின்றது.

வாயில்லாப் பிராணிகள் என்கிறோம். வாய் இருக்கிறது, கேட்கும் செவிதான் குறைவு. அச்செவியையும் இரக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.