நித்தியகல்யாணியும் மிதுக்கங்காயும்

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வழியாக விளாத்திகுளம் செல்லும் சாலையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நீங்கள் பயணம் செய்தால், இரண்டு செடிகளைத் தவறாமல் காணலாம். ஒன்று வீட்டு வாசலிலும் கோயில் நந்தவனத்திலும் நிற்கும் நித்தியகல்யாணி. வெள்ளையிலும் இளஞ்சிவப்பிலும் ஆண்டு முழுவதும் பூப்பது. மற்றொன்று, மழை பெய்து ஈரம் ஏறிய கரிசலில், பருத்திக்கும் உளுந்துக்கும் இடையே தானாக முளைத்துப் படரும் மிதுக்கங்கொடி. சில ஊர்களில் இதனைச் சுக்காங்காய் என்பர். முன்னதற்கு நாம் தண்ணீர் ஊற்றுகிறோம். பின்னதைக் களை என்று பிடுங்கி வரப்பில் எறிகிறோம். இவற்றுள் எது நம் மண்ணுக்கு உரியது, எது விருந்தாளி என்று மாணவர்களைக் கேட்டால், பெரும்பாலோர் நித்தியகல்யாணியையே நம்முடையது என்பார்கள். பெயரே அப்படி அமைந்துவிட்டது! ஆனால் வரலாறு வேறு விதமாக இருக்கிறது.

நித்தியகல்யாணியின் பிறப்பிடம் ஆப்பிரிக்காவுக்குக் கிழக்கேயுள்ள மடகாஸ்கர் தீவு. அங்கே பிரெஞ்சு ஆளுநராக இருந்த ஃபிளாகூர் என்பவர் 1658-இல் வெளியிட்ட நூலில் இச்செடியைக் குறிப்பிட்டார். அடுத்த நூற்றாண்டில் இதன் விதைகள் பாரிசு நகரின் அரசத் தோட்டத்தை அடைந்தன. அங்கிருந்து இலண்டன் செல்சீத் தோட்டத்துக்குச் சென்றன. 1759-இல் லின்னேயசு இதற்கு வின்கா ரோசியா என்று பெயரிட்டார். இன்று தாவரவியலார் இதனைக் கேத்தராந்தசு ரோசியசு என்று வழங்குகின்றனர். அழகுக்காகக் கப்பலேறிய செடி, வெப்ப நாடுகள் அனைத்திலும் வேர் ஊன்றிவிட்டது. வறட்சியைத் தாங்கும், கவனிப்பாரற்ற இடத்திலும் பூக்கும் என்பதால் நம்மவர் இடுகாடுகளிலும் வைத்தனர். சுடுகாட்டு மல்லி என்ற மற்றொரு பெயர் அப்படி வந்ததே. ஒரே செடிக்குக் கல்யாணமும் சுடுகாடும் பெயராக அமைந்தது விந்தைதான்.

இச்செடியின் இலைச்சாறு நீரிழிவைத் தணிக்கும் என்ற நம்பிக்கை பல நாடுகளில் இருந்தது. 1952-இல் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான சமைக்காவிலிருந்து ஒரு மருத்துவர், கனடாவிலிருந்த கிளார்க் நோபிள் என்பவருக்கு ஓர் அஞ்சலுறையில் சில இலைகளை அனுப்பினார். கிளார்க் அப்போது ஓய்வு பெற்றுவிட்டார். எனவே, மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்த தம் தம்பி இராபர்ட் நோபிளிடம் அவற்றைக் கொடுத்தார். இராபர்ட் சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார். இரத்தச் சர்க்கரை இறங்கவில்லை. ஊசி மூலம் செலுத்தியபோது எலிகள் சில நாட்களில் நோய்த்தொற்றால் இறந்தன. சோதனை தோற்றது என்று வேறொருவர் குறிப்பேட்டை மூடியிருக்கலாம். நோபிள், எலிகள் ஏன் தொற்றுக்கு ஆளாயின என்று கேட்டார். அவற்றின் இரத்தத்தில் வெள்ளணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எலும்பு மச்சையும் நலிந்திருந்தது. வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய்தானே இரத்தப் புற்றுநோய்? சார்லசு பீர் என்ற வேதியியலார் துணையுடன் இச்செயலுக்குரிய பொருளைப் பிரித்தெடுத்து 1958-இல் அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தாரும் தனி வழியில் இதே செடியை ஆராய்ந்து வந்தனர். அவர்கள் பிரித்தெடுத்த வின்கிரிஸ்டின் 1963-இல் அங்கு மருந்தாக ஏற்கப்பட்டது. குழந்தைகளைத் தாக்கும் இரத்தப் புற்றுநோய்க்கு வேறு மருந்துகளுடன் சேர்த்து இன்றும் இது தரப்படுகிறது.

இவை எவ்வாறு வேலை செய்கின்றன? செல் இரண்டாகப் பிரியும்போது, நிறப்புரிகளை இரு பக்கமும் இழுத்துச் செல்ல மிக நுண்ணிய குழல்கள் தேவை. அவற்றின் விட்டம் 25 நானோமீட்டர் அளவே. ஒரு தலைமயிரின் குறுக்கே அவற்றை அடுக்கினால் ஆயிரக்கணக்கில் கொள்ளும். டியூபுலின் என்ற புரதக் கட்டிகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து இக்குழல்கள் உருவாகின்றன. நித்தியகல்யாணி மருந்து அக்கட்டிகளைப் பற்றிக்கொண்டு குழல் எழாமல் தடுக்கிறது. குழல் இல்லையேல் பிரிதல் இல்லை. வேகமாகப் பிரியும் செல்களே முதலில் மடிகின்றன.

ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்கு ஏறக்குறைய 500 கிலோ உலர்ந்த இலை தேவை. அதாவது ஐந்து இலட்சத்தில் ஒரு பங்கு. வின்கிரிஸ்டினுக்கோ ஒரு கிராமுக்கு 2,000 கிலோ! ஆகவே இலையை மலிவாக விளைவிக்கும் வறண்ட நிலங்களைத் தேடினர். பழைய திருநெல்வேலி, இராமநாதபுர மாவட்டங்களின் மானாவாரி நிலங்களிலும் இச்செடி பயிராயிற்று; இலையும் வேரும் கப்பலேறின. 2022-இல் மரபணு மாற்றிய ஈஸ்டைக் கொண்டு இதன் முன்பொருள்களை ஆய்வகத்தில் உருவாக்கியுள்ளனர். இலையின் தேவை வருங்காலத்தில் குறையக்கூடும். இங்கே ஓர் எச்சரிக்கை: சர்க்கரை நோய்க்கென இவ்விலையை மென்று தின்பவர்கள் நம் ஊரில் உண்டு. எலும்பு மச்சையைத் தாக்கும் பொருள் அதில் இருக்கிறது என்பதை அவர்களிடம் சொல்லுங்கள்.

இனி, வரப்பில் எறியப்பட்ட கொடிக்கு வருவோம். சாலட்டுக்கு நறுக்கும் வெள்ளரிக்காய் ஓர் இனம். பழுத்தால் வெடித்து மாவாய் உதிரும் வெள்ளரிப்பழமும், கடையில் விற்கும் இனிப்பான முலாம்பழமும், புளியங்கொட்டையைவிடச் சற்றே பெரிதாகத் தொடங்கி முட்டையளவில் நின்றுவிடும் மிதுக்கங்காயும் மற்றோர் இனம். குக்குமிசு மெலோ என்பது அதன் பெயர். முலாம்பழம் ஆப்பிரிக்காவில் தோன்றியது என்றே நெடுங்காலம் எழுதிவந்தனர். 2010-இல் வெளியான மரபணு ஆய்வு, இதன் நெருங்கிய காட்டுறவுகள் ஆசியாவிலும் ஆத்திரேலியாவிலும் இருப்பதைக் காட்டியது. 2019-இல் 1,175 வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், மனிதன் இதனை மூன்று தடவை தனித்தனியே பயிராக்கினான் என்றனர். ஒரு தடவை ஆப்பிரிக்காவில். இரண்டு தடவை இந்தியாவில். நாம் களை என்பது இப்பழங்களின் தாயாதி எனலாம்.

அத்தாயாதியின் அருமையை முதலில் உணர்ந்தவர்கள் கலிபோர்னியா உழவர்கள். 1925-இல் அங்குள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கின் முலாம்பழத் தோட்டங்களில் சாம்பல் நோய் பரவியது. இலைகள் மாவு பூசியதுபோல் வெளுத்துக் கருகின. எதிர்ப்புத் திறனைத் தேடியபோது, இந்தியாவிலிருந்து சென்ற விதையில் அது கிடைத்தது. பழம் சுவையற்றது. ஆனால் இலை நோயுறவில்லை. ஜாகர் என்ற ஆய்வாளரும் துணைவர்களும் அதனை இனிப்பு வகையுடன் பலமுறை கலந்து, 1936-இல் 45 என்ற எண்ணுள்ள வகையை வெளியிட்டனர். இரண்டே ஆண்டுகளில் பூஞ்சையும் புதிய வடிவில் வந்தது! மறுபடியும் இந்திய விதைகளிடம் சென்று 5, 6 என்ற வகைகளை உருவாக்கினர். பிற்காலத்தில் 414723 என்ற எண்ணுள்ள இந்திய வெடிவெள்ளரி, அசுவினியையும் தாங்கியது. இந்த அசுவினி வேறெதுவும் அன்று. நம் பருத்தி இலையின் அடியில் மொய்க்கும் அதே பூச்சி. பருத்திக் காட்டில் வளர்ந்த கொடி, பருத்திப் பூச்சியோடு எத்தனை காலம் போராடிப் பழகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் நம்மைக் கவலைகொள்ளச் செய்வது. வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நச்சுயிரி நோயைத் தாங்கும் ஆற்றல், இனிப்பில்லாத மற்றோர் இந்திய வகையில் (எண் 313970) காணப்பட்டது. அவ்வாற்றலைச் சேர்த்த முலாம்பழத்திற்கு 2011-இல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் மான்சான்டோ நிறுவனத்திற்குக் காப்புரிமை வழங்கியது. செடி, பழம், விதை எல்லாம் அதனுள் அடங்கின. இந்தியாவின் நவதான்யா உள்ளிட்ட அமைப்புகள் எதிர்த்து முறையிட்டன. 2016 சனவரியில் காப்புரிமை நீக்கப்பட்டது. ஆனால் நீக்கியது தொழில்நுட்பக் குறைகளைக் காட்டித்தான். நோயைத் தாங்கும் பண்பைப் பல தலைமுறையாகக் காத்த நிலத்திற்கு என்ன பங்கு என்ற கேள்வியை அத்தீர்ப்பு தொடவில்லை.

நித்தியகல்யாணிக்கும் இதே கேள்வி உண்டு; அங்கு சிக்கல் இன்னும் கூடுதல். செடி மடகாஸ்கருடையது. இலை வந்தது சமைக்காவிலிருந்து. ஆய்வு கனடாவில். பயிரிட்டது நெல்லைச் சீமை. மருந்தின் வருவாயில் மடகாஸ்கருக்குப் பங்கு தர வேண்டும் என்ற சட்டம் அன்று இல்லை. 1992-இன் பல்லுயிர் உடன்படிக்கைதான் உயிர்வளங்கள் அந்தந்த நாட்டுக்கு உரியவை என்று ஏற்றது. அதையொட்டி நம் நாட்டில் 2002-இல் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. என் கருத்தில் சட்டம் பாதி வேலையைத்தான் செய்யும். எது இருக்கிறது என்று தெரிந்தால்தானே உரிமை கேட்க முடியும்?

இரண்டு செடிகளுக்கும் கசப்பு பொது. நித்தியகல்யாணியை ஆடு தொடாது. மிதுக்கங்காயின் கசப்பு குக்குர்பிட்டாசின் என்ற பொருளால் வருவது. பயிராக்கிய மனிதன் முலாம்பழத்திலிருந்து அதைத்தான் முதலில் விலக்கினான். நம் பெண்கள் செய்தது வேறு. களையெடுக்கப் போன இடத்தில் காய்களை மடியில் கட்டி வந்து, கீறி, உப்பு மோரில் ஊறவைத்து வெயிலில் காயப்போட்டு வத்தலாக்கினார்கள். கசப்பு முழுவதும் போகாது. போகக்கூடாது என்பதே அதன் சுவை.

கோவில்பட்டியில் வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1901-இல் தோன்றியது. கருங்கண்ணிப் பருத்திக்கு அது செய்த தொண்டு பெரிது. மிதுக்கங்காய்க்கு அப்படி ஒரு புரவலர் வாய்க்கவில்லை. கைக்களை எடுத்த காலத்தில் பத்துக் கொடிகளில் இரண்டாவது தப்பிப் பிழைத்து விதை சிந்தும். மக்காச்சோளம் பரவி, களைக்கொல்லி தெளிக்கும் நிலங்களில் அந்த இரண்டும் தப்புவதில்லை. தில்லியில் 1976-இல் நிறுவப்பட்ட தேசியத் தாவர மரபுவளச் செயலகம் முலாம் இன விதைகளையும் திரட்டி வைக்கிறது. நீங்களும் வீட்டிலேயே செய்யலாம். தை மாதம் மஞ்சளாகப் பழுத்த காய்களைப் பறித்து, விதைகளைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, காற்றுப் புகாத புட்டியில் சிறிது சாம்பலுடன் வையுங்கள். ஊர்ப் பெயரையும், பறித்த நாளையும், பக்கத்தில் என்ன பயிர் நின்றது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி உடன் போடுங்கள்.