உறுதி விலைப்புள்ளி விதி

ஒரு பங்கை இன்ன விலைக்கு வாங்குவேன், இன்ன விலைக்கு விற்பேன் என்று அறிவித்த சந்தை உருவாக்குநர், அந்த விலைக்கு வரும் ஆர்டரை மறுக்காமல் ஏற்க வேண்டும் என்பது அமெரிக்காவில் நடப்பில் உள்ள விதி. 1975ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தைத் தொடர்ந்து, அந்நாட்டின் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் 1978இல் இதைக் கொண்டுவந்தது. இப்போது தேசியச் சந்தை அமைப்பு ஒழுங்குமுறையின் 602ஆம் விதியாக உள்ளது.

இந்தக் கடமைக்கு எல்லை உண்டு. விலையோடு சேர்த்து அறிவித்த எண்ணிக்கை வரைதான் அது செல்லும். ஆர்டர் வந்து சேருமுன் விலையை மாற்றி அறிவித்திருந்தாலும், அந்த நொடியில் வேறொரு வர்த்தகத்தை முடித்துக்கொண்டிருந்து உடனே விலையைத் திருத்தினாலும் விலக்கு கிடைக்கும். இவை இல்லாமல் மறுப்பதைச் சந்தையில் ‘பின்வாங்கல்’ என்பார்கள்; அது விதிமீறல்.

1971இல் தொடங்கிய நாஸ்டாக்கில் கணினித் திரை விலையை மட்டுமே காட்டியது. வர்த்தகம் பெரும்பாலும் தொலைபேசியில்தான் முடிந்தது. திரையில் உள்ள விலையும் தொலைபேசியில் கிடைக்கும் விலையும் ஒன்றாக இருக்கும் என்பதற்கு இந்த விதியே பிடிமானம். 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு சரிந்தபோது அந்தப் பிடி நழுவியது. சந்தை உருவாக்குநர்கள் பலர் தொலைபேசியை எடுக்கவே இல்லை என்று சிறு முதலீட்டாளர்கள் குமுறினர். சிறிய ஆர்டர்களைத் தானாக நிறைவேற்ற 1984 முதல் இருந்த கணினி முறையிலிருந்தும் பலர் விலகிக்கொண்டனர். 1988இல் அம்முறையில் பங்கேற்பது நாஸ்டாக்கின் முதன்மைப் பங்குகளுக்குக் கட்டாயமாக்கப்பட்டது.

கட்டாயத்தை எதிர்ப்பவர்களின் வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. செய்தி வெளியானதும் எல்லாருடைய விலையும் ஒரே நேரத்தில் மாறுவதில்லை. சில நொடிகள் பின்தங்கியவரின் பழைய விலையைக் குறிவைத்து வாங்கி, உடனே விற்று லாபம் பார்க்கும் வேக வர்த்தகர்கள் 1990களில் அந்தக் கணினி முறையைச் சுற்றியே பெருகினர். அவர்களை ‘கொள்ளைக்காரர்கள்’ என்றே சந்தை உருவாக்குநர்கள் அழைத்தனர். அந்த இழப்பை ஈடுகட்ட வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியை அகலமாக்க வேண்டிவரும், அதைச் சுமப்பது சாதாரண முதலீட்டாளர்தான் என்றனர்.

ஆனால் இடைவெளி அகன்றதற்கு அது மட்டுமே காரணம் அல்ல. 1996இல் நாஸ்டாக் சந்தை குறித்து ஆணையம் வெளியிட்ட அறிக்கை, சந்தை உருவாக்குநர்கள் பலர் தங்களுக்குள் ஒத்துழைத்து இடைவெளியைக் காத்ததையும், அறிவித்த விலையிலிருந்து பின்வாங்கியதையும் பதிவுசெய்தது. தவறான விலையால் வரும் இழப்பை, அதை அறிவித்து லாபம் தேடுபவர் ஏற்பதுதான் முறை. அதை நம்பி வந்தவர் தலையில் கட்டுவது அநீதி.

கடமையை மீறாமலே அதைப் பொருளற்றதாக்கவும் வழி இருந்தது. எப்போதும் விலை அறிவித்திருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை நிறைவேற்ற, யாரும் வரமாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒரு சென்ட் போன்ற ஒப்புக்கான விலைகளைச் சிலர் வைத்தனர். 2010 மே 6 திடீர்ச் சரிவில் மற்ற ஆர்டர்கள் மறைந்ததும் அந்த விலைகளே மிஞ்சின. 40 டாலர் அளவில் இருந்த அக்சென்சர் பங்கு ஒரு சென்டுக்குக் கைமாறியது. முந்தைய விலையிலிருந்து 60 விழுக்காட்டுக்கும் மேல் விலகிய 20,000க்கும் மேற்பட்ட வர்த்தகங்கள் பின்னர் ரத்தாயின. அதே ஆண்டு டிசம்பரில் ஒப்புக்கான விலைகள் தடைசெய்யப்பட்டன. விலை உறுதியாக இருந்தால் போதாது, நடப்பு விலைக்கு அருகிலும் இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் விதியானது.

விவாதம் இப்போது நொடியின் நுண்பகுதிகளுக்கு நகர்ந்திருக்கிறது. ஐஇஎக்ஸ் பங்குச் சந்தை, வரும் ஆர்டர்களை 350 மைக்ரோநொடி தாமதிக்கிறது. விலை மாறப்போகிறது என்று அதன் கணிப்பு முறை சொன்னால், அறிவித்த விலையைத் தானாகத் தள்ளிவைக்கும் ஒருவகை ஆர்டருக்கு ஆணையம் 2020இல் ஒப்புதல் அளித்தது. சிட்டாடல் செக்யூரிட்டீஸ் நிறுவனம் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தது. கொலம்பியா மாவட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022 ஜூலையில் அதைத் தள்ளுபடி செய்து, ஒப்புதலை நிலைநிறுத்தியது.