குனிஞ்சு விரலைத் தொட்டா காயம் வராதா? ஸ்ட்ரெட்ச்சிங் வந்த கதை

1/
வாக்கிங் போறதுக்கு முன்னாடி பார்க் பெஞ்ச் மேல காலைத் தூக்கி வச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு விரலைத் தொடுற ஆளா நீங்க? "ஸ்ட்ரெட்ச் பண்ணாம ஓடினா தசை கிழிஞ்சிடும்"னு உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பாங்க. அந்த நம்பிக்கை எப்படி வளர்ந்தது, அதைச் சோதித்தபோது என்ன தெரிந்தது என்பதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
1950கள், அமெரிக்கா. முதுகுவலிக்கு சிகிச்சை தந்துவந்த டாக்டர் ஹான்ஸ் கிரவுஸும் சோன்யா வெபரும் ஆறு எளிய சோதனைகளை வகுத்திருந்தார்கள். அதில் ஒன்று, முழங்காலை மடக்காமல் குனிந்து தரையைத் தொட்டு 3 விநாடி நிற்பது. பள்ளிப் பிள்ளைகளைச் செய்யச் சொன்னால், அமெரிக்கப் பிள்ளைகளில் பாதிக்கும் மேல் ஏதாவது ஒரு சோதனையில் தோற்றார்கள். ஐரோப்பாவில் பத்தில் ஒருவர்கூட இல்லை.

3/
பனிப்போர் காலம். சும்மா இருப்பாங்களா? விஷயம் அதிபர் ஐசனோவர் வரைக்கும் போச்சு. 1956ல் இளைஞர் உடற்தகுதிக்கென்றே ஒரு குழு அமைத்தார். குனிந்து தொடுவது ஆரோக்கியத்தின் அடையாளமாகிவிட்டது. ஆனால் ஒன்றைக் கவனிங்க. நன்றாகக் குனிபவருக்கு விளையாட்டில் அடிபடாது என்று அந்தச் சோதனை எதையும் நிரூபிக்கவில்லை.

4/
அப்போ எப்படி ஸ்ட்ரெட்ச் பண்ணினாங்க? விசுக் விசுக்குனு ஆட்டி ஆட்டித்தான். இதுல ஒரு சிக்கல் இருக்கு. நம்ம தசைக்குள்ளேயே நீளத்தை அளக்கும் உணரிகள் இருக்கின்றன. வேகமா இழுத்தா "ஆபத்து"ன்னு தண்டுவடத்துக்குச் செய்தி போகும். உடனே தசை சுருங்கும். நீங்க இழுக்க, அது சுருங்க, நடுவுல மாட்டுறது தசைநார்.

5/
1962ல் ஹெர்பர்ட் டி வ்ரீஸ் என்ற ஆய்வாளர் இரண்டையும் ஒப்பிட்டார். ஆட்டி இழுப்பது ஒன்று, அசையாமல் நிறுத்திப் பிடிப்பது இன்னொன்று. வளைவுத்தன்மை ஏறக்குறைய ஒரே அளவுதான் கூடியது. அப்படியென்றால் ஆபத்து குறைந்த, நிறுத்திப் பிடிக்கும் முறையே மேல் என்றார். நியாயமான முடிவு. இன்று நாம் செய்யும் ஸ்ட்ரெட்ச்சிங்குக்கு இது ஒரு முக்கியமான அடித்தளம்.

6/
அவர் இன்னொன்றும் சொன்னார். உடற்பயிற்சிக்கு மறுநாள் வரும் வலிக்குக் காரணம் தசைப்பிடிப்பு, ஸ்ட்ரெட்ச் செய்தால் போய்விடும் என்று. இது நிக்கல. வலிக்குக் காரணம் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைத் தொடரும் அழற்சியும். 2002ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வுத் தொகுப்பு, ஸ்ட்ரெட்ச் முன்னாடி பண்ணாலும் பின்னாடி பண்ணாலும் அந்த வலி குறிப்பிடும்படி குறைவதில்லை என்று காட்டியது.

7/
ஆனா அதுக்குள்ள அமெரிக்காவில் ஜாகிங் மோகம் வந்துடுச்சு. பாப் ஆண்டர்சன் 1975ல் தானே வெளியிட்ட 'ஸ்ட்ரெட்ச்சிங்' என்ற படப் புத்தகம், 1980ல் ஒரு பதிப்பகம் வழியாக வந்து லட்சக்கணக்கில் விற்றது. ஓடும் முன் ஸ்ட்ரெட்ச் என்பது சாமி கும்பிட்டு வண்டி எடுக்கிற மாதிரி ஆகிப்போச்சு.

8/
பெரிய அளவில் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர்கள் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ராட்னி போப்பும் அவருடைய குழுவும். முடிவு வெளியானது 2000ல். ராணுவத்தில் புதிதாகச் சேர்ந்த 1,538 ஆண்கள், 12 வாரப் பயிற்சி. ஒரு பிரிவினர் வார்ம் அப் நேரத்தில் கால் தசைகளை ஸ்ட்ரெட்ச் செய்தார்கள். மற்றவர்கள் வார்ம் அப் மட்டும்.

கால் காயங்கள்: ஸ்ட்ரெட்ச் செய்த 735 பேரில் 158, செய்யாத 803 பேரில் 175. வித்தியாசமே இல்லை!

9/
அதே ஆய்வில் இன்னொரு தகவல். உடற்தகுதி மிகக் குறைவாக இருந்தவர்களுக்குக் காயம்படும் வாய்ப்பு, மிக நல்ல தகுதியோடு வந்தவர்களைவிட 14 மடங்கு. ஆக, காப்பாற்றியது வளைவு இல்லை. தகுதி!

10/
ஏன் இப்படி? வேகமாக ஓடும்போது பின்தொடைத் தசை கிழிவது, அது நீண்டுகொண்டே சுமையையும் தாங்கும் தருணத்தில். அங்க தேவை பலம். அதோட, சில வாரம் ஸ்ட்ரெட்ச் பண்ணி கை தரையைத் தொட்டால் தசை நீளமாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அந்த இழுவிசையைப் பொறுக்க நரம்பு மண்டலம் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

11/
2008ல் நார்வேயில் 1,892 கால்பந்து வீராங்கனைகளிடம் இன்னொரு சோதனை. மெதுவாக ஓடுதல், தசைக்குப் பலம், சமநிலை, குதித்துச் சரியாக இறங்குதல் என்று சுமார் 20 நிமிட வார்ம் அப். மொத்தக் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தன.

12/
அப்போ ஸ்ட்ரெட்ச்சிங் வேஸ்டா டாக்டர்? இல்லவே இல்லை. மூட்டு இறுகியவர்கள், நடனம், ஜிம்னாஸ்டிக்ஸ் பழகுபவர்கள் போன்றோருக்கு அது தேவை. எப்படிப் பண்ணணும்னா:

✅ உடம்பு சூடான பிறகு, அல்லது பயிற்சி முடிந்த பிறகு
✅ மெதுவா, 20-30 விநாடி, இழுவை தெரியணும், வலி கூடாது
✅ ஓட்டம், விளையாட்டுக்கு முன் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்க வேண்டாம், பலம் தற்காலிகமா குறையும்

13/
இவை வேண்டவே வேண்டாம்:

❌ இன்னொருவர் முதுகில் ஏறி அழுத்துவது
❌ குனியும்போது காலில் மின்சாரம் பாய்வது போலவோ மரத்தோ போனால் தொடர்வது. இழுபடுவது நரம்பாக இருக்கலாம்
❌ புட்டத்தின் அடியில், உட்காரும் எலும்புகிட்ட வலி இருக்கும்போது மேலும் மேலும் குனிவது. அங்கே தசைநாண் எலும்போடு நசுங்கும்

14/
பெற்றோருக்குத் தனியாகச் சொல்கிறேன். வளரும் பிள்ளைகளுக்குத் தசை ஒட்டும் இடத்தில் எலும்பு இன்னும் முழுதாக இறுகியிருக்காது. பயிற்சி வகுப்பில் கட்டாயப்படுத்தி ஸ்ப்ளிட் போடவைத்தால் அந்த எலும்புத் துண்டே பெயர்ந்து வரலாம். "டப்"னு சத்தம், உடனே நடக்கமுடியாத வலின்னா "சுளுக்குதான்"னு எண்ணெய் போட்டு நீவாதீங்க. எக்ஸ்ரே எடுங்க.

15/
நாளைக்கு பார்க் போனதும் பெஞ்சை விட்டுடுங்க. முதல் 5 நிமிஷம் மெதுவா நடங்க, பிறகு வேகத்தைக் கூட்டுங்க. வாரம் இரண்டு நாள் காலுக்குப் பலம் தரும் பயிற்சி பண்ணுங்க. ஸ்ட்ரெட்ச்சை வீட்டுக்கு வந்து நிதானமா வச்சுக்கலாம்.

வாக்கிங் போற நண்பருக்கும், பிள்ளையை நடனத்துக்கு அனுப்புற சொந்தத்துக்கும் இதைப் பகிருங்க.