பிஜித் தீவில் இனவழி வாக்குரிமையும் மக்களாட்சியும்

பல்லினத் தீவு நாடுகளின் அரசியல் பூசல்களைப் பழம்பகையின் தொடர்ச்சியாகக் காண்பது வழக்கம். பிஜியைப் பொறுத்தவரை அவ்விளக்கம் பொருந்தவில்லை. அங்குப் பகையைக் காட்டிலும் வாக்காளர் பட்டியலே பழமையானது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1879 முதல் 1916 வரை ஏறத்தாழ 60,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். 1903ஆம் ஆண்டுக்குப் பின் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் சென்றன. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களின் உழவுக் கூலிகள் கரும்புத் தோட்டங்களை அடைந்தனர். 1926இல் தோன்றிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் அவர்தம் பிள்ளைகளுக்குப் பள்ளிகளை அமைத்தது.

ஆங்கில ஆட்சி பூர்வகுடிகளின் நிலத்தை விற்கவியலாதபடி காத்தது. இந்தியரைக் குத்தகையாளராக நிறுத்தியது. நிலம் ஓரினத்திடம், உழைப்பு மற்றோரினத்திடம் என்ற இப்பிரிவினை சட்டமன்றத்திலும் படிந்தது. 1929இல் முதன்முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட இந்திய உறுப்பினர்கள் பொது வாக்காளர் பட்டியல் கோரினர். கோரிக்கை தோற்கவே வெளிநடப்புச் செய்தனர். பூர்வகுடிகளுக்கோ 1963 வரை வாக்குரிமையே இல்லை; அவர்தம் சார்பாளர்கள் தலைவர்களின் வழியே நியமனம் பெற்றனர். வாக்கு என்பதை அவர்கள் முதலில் அறிந்ததே இனத்தின் பெயரால்தான்.

1970 அக்டோபர் 10இல் நாடு விடுதலை பெற்றபோது 52 இடங்களில் பூர்வகுடிகளுக்கு 22, இந்தியருக்கு 22, ஏனையோருக்கு 8 என ஒதுக்கப்பட்டன. 1977 ஏப்ரலில் இந்தியரின் ஆதரவு பெற்ற தேசியக் கூட்டமைப்புக் கட்சி 26 இடங்களை வென்றும் ஆட்சியமைக்கவில்லை. அதன் உட்பூசல் நீடிக்க, ஆளுநர் தோற்ற கட்சியின் தலைவரான மாராவையே மீண்டும் பிரதமராக்கினார்.

1987 நிகழ்வு இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஏப்ரல் தேர்தலில் 28 இடங்கள் பெற்ற கூட்டணியின் பிரதமர் திமோசி பவத்ரா பூர்வகுடியினர். மேற்குப் பகுதி மருத்துவர். கிழக்குத் தீவுகளின் தலைவர் குடும்பங்கள் நெடுங்காலம் செலுத்திய ஆதிக்கத்துக்கு வெளியிலிருந்து வந்தவர். மே 14இல் படையதிகாரி சித்திவேனி ரபுகா அவ்வாட்சியைக் கவிழ்த்தார். ‘இந்தியர் ஆட்சி’ என்ற அச்சமே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. தலைவர்களின் அதிகார இழப்பு பேசப்படவில்லை. ஏறத்தாழ முழுவதும் ஓரினத்தவரைக் கொண்ட படை அக்காரணத்தை ஐயமின்றி ஏற்றது.

1990 அரசியலமைப்பு 70 இடங்களில் 37ஐப் பூர்வகுடிகளுக்கும் 27ஐ இந்தியருக்கும் தந்தது. பல்லாயிரம் இந்தியர் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எனப் புலம்பெயர்ந்தனர். 1999இல் மகேந்திர சௌத்ரி முதல் இந்திய வம்சாவளிப் பிரதமரானார். மறு ஆண்டு மே 19இல் ஜார்ஜ் ஸ்பைட்டின் ஆயுதக் குழு அவரையும் அமைச்சர்களையும் 56 நாள் பிணைக்கைதிகளாக வைத்தது. அக்காலத்தில் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த முப்பதாண்டுக் குத்தகைகள் முடியத் தொடங்கியிருந்தமை பலராலும் போதிய அளவு கருதப்படவில்லை. (நம் கல்வராயன் மலையில் ஜாகிர்தாரர் ஆதிக்கம் முடிவுற்றதும் 1976இலேயே. நிலவுரிமையை விலக்கி அரசியலுரிமையை ஆராயவியலாது என்பதற்கு அதுவும் சான்று.)

விந்தை யாதெனில், இனவழித் தொகுதிகளை ஒழித்தது 2013 அரசியலமைப்பு. அதை வகுத்தது 2006இல் படைவலியால் ஆட்சியைப் பிடித்த பைனிமராமாவின் அரசு. 1929இல் வாதத்தால் பெறவியலாதது துப்பாக்கியின் நிழலில் வந்தது. 2022 தேர்தலுக்குப் பின் ரபுகா மீண்டும் பிரதமரானார். 2023 மே 14இல், தாம் ஆட்சியைக் கவிழ்த்த அதே நாளில், ஒப்பந்தக் கூலிகளின் வழித்தோன்றல்களிடம் மன்னிப்புக் கோரினார். கரும்பு வயல்களின் பெரும்பகுதி இன்றும் குத்தகை நிலமே.